ஹக்கிள்பெரி ஃபின்னும் ஊரார் ஒழுக்கமும்

ஒரு நூலைத் தீயதென்று தள்ளுவோர் எதைக் கண்டு தள்ளினர் என்று ஆராய்ந்தால், நூலின் இயல்பு மட்டுமன்று, தள்ளினோரின் இயல்பும் விளங்கும். 1885ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அமெரிக்காவின் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்துக் கான்கார்டு நகரப் பொது நூல்நிலையத்தார், அப்பொழுதுதான் வெளிவந்திருந்த ஒரு நாவலை விலக்கினர். அதன் பாஷை கொச்சை என்றனர். போக்கு முரட்டுத்தனமானது என்றனர். மரியாதையுள்ளோர் படிக்கத் தக்கதன்று என்றனர். கான்கார்டோ, அடிமை முறையைக் கண்டித்த எமர்ஸன், தோரோ என்னும் பேரறிஞர்கள் வாழ்ந்த ஊர். விலக்கப்பட்ட நூலோ அடிமை முறையின் வேரையே தோண்டிக் காட்டுவது. மார்க் ட்வெய்ன் இயற்றிய ‘ஹக்கிள்பெரி ஃபின்’ என்பதே அந்நாவல்.

நம் நாட்டு ஆங்கிலப் பாடசாலைகளில் பயின்றோருள் பலர் இதனைச் சிறுவர் கதையென்றே படித்து மூடிவைத்திருப்பர். ஒரு பையன், ஒரு தெப்பம், ஒரு பெரிய ஆறு; இவ்வளவே அவர்கள் நினைவில் நிற்கும். நாம் இங்கு ஆராயப் புகுவது அக்கதையினுள்ளே நடைபெறும் ஒரு வழக்கையாகும். ஊரார் ஒழுக்கமும் உள்ளத்தின் ஒழுக்கமும் ஒன்றா, வெவ்வேறா என்பதே அவ்வழக்கு.

ஆசிரியரின் இயற்பெயர் ஸாமுவேல் கிளெமன்ஸ். 1835இல் மிஸ்ஸோரி மாகாணத்தில் பிறந்து, மிஸ்ஸிஸிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹானிபல் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். 11 வயதில் தந்தையை இழந்தார். அச்சுக்கூடத்தில் தொழில் பழகினார். பின்னர் அந்த ஆற்றிலேயே நீராவிக் கப்பல் ஓட்டினார். ஆழம் இரண்டு பாகம், அதாவது 12 அடி, கப்பல் செல்லத் தடையில்லை என்று ஆழம் பார்ப்போன் கூவும் குரலே அவரது புனைபெயராயிற்று. மிஸ்ஸோரி 1821 முதலே அடிமை முறைக்கு இடங்கொடுத்த மாகாணம். அம்முறை தெய்வ சம்மதமானது என்று பிரசங்கிகள் போதித்தனர் என்றும், பள்ளிப் பருவத்தில் அதில் குற்றமிருப்பதாகத் தமக்குத் தோன்றவேயில்லை என்றும் அவரே பிற்காலத்தில் எழுதிவைத்தார்.

அக்காலத்தில் மனிதன் சொத்து. ஓடிப்போனவனைப் பிடித்து உடையவனிடம் ஒப்புவித்தல் சட்டம். 1850இல் அச்சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. ஓடுகிறவனுக்குத் துணைபுரிதல் திருட்டு. அது மட்டுமன்று, பாவமுமாகும். இவ்வாறு சட்டமும், சமயமும், அண்டை வீட்டாரும் ஒரே குரலிற் பேசும் ஊரில் வளரும் சிறுவன் எதனை நன்மையென்று கற்பான்? இந்தக் கேள்வியே நாவலின் அடித்தளம்.

கதையைச் சுருங்கக் கூறுவாம். ஹக் தாயற்ற சிறுவன், தகப்பன் பெருங்குடியன். டக்ளஸ் என்னும் விதவை மாதும், அவள் சகோதரி மிஸ் வாட்ஸனும் அவனைத் திருத்த முயல்கின்றனர். தகப்பன் அவனைப் பிடித்துச் சென்று அடைத்துவைத்து அடிக்கிறான். ஹக் தப்பி ஓடுகிறான். அதே வேளையில் மிஸ் வாட்ஸனின் அடிமையாகிய ஜிம், தன்னை 800 டாலருக்கு நியூ ஆர்லியன்ஸ் பக்கம் விற்கப்போவதாகக் கேள்வியுற்று அவனும் ஓடுகிறான். இருவரும் ஒரு தீவிற் சந்தித்துத் தெப்பமேறி ஆற்றோடு செல்கின்றனர்.

ஆசிரியரின் நையாண்டி எத்தகையதென்பதை மூன்று இடங்களைக்கொண்டு காணலாம். ஹக்கின் தகப்பன் எழுத்து வாசனை அறியாதவன். சேற்றில் விழுந்து புரண்டவன். அவன், ஒஹையோ மாகாணத்தில் பல பாஷைகள் கற்ற ஒரு கறுப்பினப் பேராசிரியருக்கு வோட்டுரிமை உண்டென்று கேட்டு, இப்படியும் ஓர் அரசாங்கமா என்று கொதிக்கிறான். மற்றோரிடத்தில், இரண்டு பெருங்குடும்பத்தார் காரணம் மறந்துபோன ஒரு பழம்பகையினால் ஒருவரையொருவர் சுட்டுக் கொல்கின்றனர். ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தேவாலயத்திலமர்ந்து, சகோதர அன்பைப்பற்றிய பிரசங்கத்தைக் கேட்டு மெச்சி வீடு திரும்புகின்றனர். மூன்றாவதாக, ஸாலி அத்தை என்னும் நல்ல மனத்தினள், கப்பலில் ஏதோ வெடித்ததென்று கேட்டு, யாருக்கேனும் காயமுண்டாவென்று விசாரிக்கிறாள். ஒரு கறுப்பன் இறந்தான், வேறொருவருக்கும் ஒன்றுமில்லை என்று விடை வருகிறது. நல்ல வேளை என்று அவள் பெருமூச்சு விடுகிறாள். அவள் கொடியவளல்லள், அன்புடையவளே. அன்புடையோரின் கண்ணையும் வழக்கம் எவ்வாறு குருடாக்கிவிடும் என்பதை அந்தப் பெருமூச்சு காட்டிவிடுகிறது. தீயோரை நகைப்பது எளிது. நல்லோரை அவர்களுக்கே காட்டி நகைப்பதே இவ்வாசிரியரின் துணிவு.

கிராணி வேலையில் நாள்தோறும் பேர்ப்பதிவும் கூலிக்கணக்கும் எழுதிப் பழகிய நமக்கு இந்நூலில் ஒரு தொகை கண்ணிற்படாமற் போகாது. ஓடிப்போன அடிமைகளைத் தேடிவரும் இருவரிடம், தெப்பத்தில் வைசூரி கண்டவர் இருப்பதாக ஹக் நினைக்கச் செய்கிறான். அவர்கள் அஞ்சி, அருகில் வரமாட்டாமல், ஆளுக்கு 20 டாலராக 40 டாலர் பலகையில் மிதக்கவிட்டுப் போகின்றனர். அரசன் என்று வேஷமிட்ட ஒரு வஞ்சகன் ஜிம்மைக் காட்டிக்கொடுத்துப் பெறுவதும் 40 டாலர். முடிவில், கைதியாக நடித்துப் பொறுமையோடிருந்தமைக்கு டாம் ஸாயர் ஜிம்முக்குக் கொடுக்கும் வெகுமதியும் 40 டாலரே. பயமும், துரோகமும், விளையாட்டும் ஒரே விலை பெறுகின்றன. மனிதனை விலையால் அளக்கும் ஊரின் கணக்கு இதுவே.

அக்கணக்கில் அடங்காதவன் ஜிம். தன் நாலு வயது மகள் சொற்படி கதவைச் சாத்தவில்லையென்று அறைந்ததையும், காய்ச்சலால் அவள் செவிடாகிவிட்டதை அதன்பின் அறிந்து துடித்ததையும் அவன் ஒரு நாள் விடியலில் ஹக்கிடம் சொல்கிறான். மூடுபனியிற் பிரிந்து மீண்ட இரவு, ஹக் அவனை ஏமாற்றி விளையாடியபோது, நண்பனை வெட்கப்படுத்துவோர் குப்பைக்குச் சமம் என்று நேருக்கு நேர் கூறுகிறான். வெள்ளைச் சிறுவன் நெடுநேரம் தயங்கி, பின் சென்று மன்னிப்புக் கேட்கிறான். அதற்காக வருந்தியதேயில்லை என்றும் நமக்குச் சொல்கிறான்.

ஆயினும் ஊரார் போதனை அவனை விட்டபாடில்லை. விடுதலை பெற்றதும் உழைத்துப் பொருளீட்டி மனைவி மக்களை மீட்பேன், உடையவன் விற்க மறுத்தால் திருடியேனும் கொண்டுவருவேன் என்கிறான் ஜிம். தனக்கு ஒரு தீங்கும் செய்யாதவனுடைய சொத்தைத் திருடுவதா என்று ஹக் திடுக்கிடுகிறான்! தந்தை தன் பிள்ளைகளை விரும்புதல் திருட்டாகிவிட்ட விபரீதத்தை இதனினும் கூர்மையாக யாவர் சொல்லவல்லார்?

ஜிம் விற்கப்பட்ட பின், நூலின் 31ஆவது அத்தியாயத்தில் வழக்கு முடிவுக்கு வருகிறது. ஹக் நரகத்துக்கு அஞ்சி, ஜிம் இருக்குமிடத்தைத் தெரிவித்து மிஸ் வாட்ஸனுக்குக் கடிதம் எழுதுகிறான். எழுதியதும் பாவம் நீங்கியதாக மனம் இலேசாகிறது. உடனே நினைவுகள் எழுகின்றன. தன்னை உறங்கவிட்டுத் தன் முறைக்கும் சேர்த்து ஜிம் விழித்திருந்த இரவுகள், பிரிந்து மீண்டபோது அவன் அடைந்த களிப்பு, தன்னையே ஒரே நண்பனென்று அவன் சொன்ன சொல். கை நடுங்கக் கடிதத்தை எடுத்துச் சற்று நேரம் எண்ணுகிறான். நரகமே வாய்ப்பினும் வாய்க்கட்டும் என்று கிழித்தெறிகிறான். அவன் தன்னை வீரனாக எண்ணவில்லை என்பதைக் கவனிக்க. தான் செய்வது பாவமென்றே கடைசிவரை நம்புகிறான், நம்பியும் செய்கிறான். நல்ல உள்ளமும் கோணிப்போன மனச்சாட்சியும் மோத, மனச்சாட்சி தோற்ற கதை இதுவென்ற கருத்தை ஆசிரியரே 1895இற் குறித்துவைத்தார். மனச்சாட்சி என்று நாம் போற்றுவது பல வேளைகளில் ஊராரின் குரலே என்பது இதன் பொருள்.

அடிமை முறை 1865இற் சட்டப்படி ஒழிந்துவிட்டதே, 20 ஆண்டுகள் கழித்து இந்நூல் எதற்கு என்று கேட்கலாம். சட்டம் மாறிற்று, மனம் மாறவில்லை. 1877இல் தென் மாகாணங்களில் கறுப்பின மக்களுக்குக் காவலாயிருந்த மத்திய அரசின் பாதுகாப்பு நீங்கிற்று. அவர்கள் பொதுவிடங்களிற் சம உரிமை பெற 1875இற் பிறந்த சட்டத்தை 1883இல் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. நூல் முற்றுப்பெற்றதும் அதே 1883இல்தான்.

ஆசிரியரின் வாழ்வும் சொல்லுக்கு இசைந்தே சென்றது. 1885இல், யேல் சர்வகலாசாலையிற் சட்டம் பயின்ற வார்னர் மக்கின் என்னும் கறுப்பின மாணவருக்குப் பொருளுதவி புரிந்தார். 1896இல் இந்தியா வந்த அவர், பம்பாய் ஓட்டலில் ஓர் ஐரோப்பியன் இந்திய வேலைக்காரனைக் காரணம் சொல்லுமுன்பே தாடையில் அறைந்ததையும், அடிபட்டவன் வாய்திறவாது பணிந்து நின்றதையும் கண்டார். 50 ஆண்டுகளுக்கு முன் தம் ஊரில் அடிமைகள் அடிபட்ட காட்சி அக்கணமே அவர் முன் வந்துநின்றதாக மறு ஆண்டில் வெளியிட்ட பிரயாண நூலில் எழுதினார்.

நூலில் குறையில்லாமலில்லை. இறுதி அத்தியாயங்களில், முன்னரே மரணசாஸனத்தால் விடுதலை பெற்றுவிட்ட ஜிம்மை, அதை மறைத்து, விடுவிப்பதாக டாம் ஆடும் விளையாட்டு நீண்டு, ஜிம்மின் மாண்பைக் குறைக்கிறது. கறுப்பின மக்களை இழித்துரைக்கும் சொல் 200 தடவைக்கு மேல் வருகிறது. அது அக்கால ஊரின் நாவே எனினும், வகுப்பறையில் அமர்ந்து அதைக் கேட்கும் கறுப்பினக் குழந்தையின் நோவு மெய்யானது. 1957இல் நியூயார்க் நகரக் கல்விக் கழகத்தார் இளஞ்சிறார் பள்ளிகளின் பட்டியலினின்று இதனை நீக்கினர். 2011இல் அச்சொல்லை மாற்றி ஒரு பதிப்பு வெளிவந்தது. 2024இல் பெர்ஸிவல் எவரெட் என்னும் கறுப்பின ஆசிரியர், இக்கதையை ஜிம்மின் வாயாலேயே சொல்லும் ‘ஜேம்ஸ்’ என்ற நாவலை வெளியிட்டார். முன்னோன் சொல்லாமல் விட்டதைப் பின்னோன் சொல்லிய அதுவே சிறந்த விமர்சனமென்று நாம் கருதுகிறோம்.

அன்பர்களே! கான்கார்டு நூல்நிலையத்தார் தீயோரல்லர். ஸாலி அத்தையும் தீயவளல்லள். பெரியோர் சொன்னது, நெடுநாள் நடந்துவருவது, எல்லாரும் ஒப்புவது என்னும் மூன்று முத்திரைகளைக் கண்டதும் நாம் சோதனையை நிறுத்திவிடுகிறோம். இந்நாவலைப் படிப்போர், பாவமென்று சொல்லித் தமக்குக் கற்பிக்கப்பட்டவற்றுள் எத்தனை உண்மையிற் பாவம், எத்தனை பிறன் ஒருவனின் வசதி என்று ஒருமுறை பிரித்தெழுதிப் பார்ப்பாராக.