உளச்சிகிச்சை ஆய்வில் தன்னாய்வும் அதன் சாட்சிகளும்

உளச்சிகிச்சையைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் தாம் நடத்தும் சிகிச்சையையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளும்போது, பிற துறைகளில் அரிதாகவே காணப்படும் சிக்கல் ஒன்று எழுகிறது. நோயரின் சொல்லைக் கேட்பவரும், அதற்கு மறுமொழி கூறுபவரும், பின்னர் அதை எழுதிவைத்துப் பொருள் காண்பவரும் ஒருவரேயாதலால், அவருடைய விருப்பு வெறுப்புகளும் தயக்கங்களும் அவர் திரட்டும் சான்றுக்குள்ளேயே கலந்துவிடுகின்றன. அக்கலப்பு எங்கே, எவ்வாறு நேர்ந்தது என்பதையும் ஆய்வின் பகுதியாகவே ஆராய்ந்து எழுதும் முறையைத் தன்னாய்வு எனலாம். தன்னைத்தானே நோக்குபவருக்கும் வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும் என்பதே இம்முறையின் வரலாறு தரும் முதன்மையான பாடமாகும்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் சிக்மண்ட் ஃப்ராய்ட் நிற்கிறார். 'டோரா' என்னும் புனைபெயரில் அவர் எழுதிய 18 வயதுப் பெண், ஏறத்தாழ 11 வாரச் சிகிச்சைக்குப் பின், 1900ஆம் ஆண்டின் கடைசி நாளில் தாமாகவே விலகிச் சென்றார். வாழ்வில் முன்பு பிறர்மீது கொண்டிருந்த உணர்ச்சிகளை நோயர் சிகிச்சையாளர்மீது ஏற்றிப் பார்ப்பதை உணர்ச்சிப்பெயர்வு என்பர். அதை உரிய காலத்தில் கையாளத் தவறியதை 1905இல் வெளியிட்ட கட்டுரையின் பின்னுரையில் ஃப்ராய்ட் ஒப்புக்கொண்டார். தோல்வியை அச்சேற்றிய அந்நேர்மை போற்றத்தக்கதே. ஆயினும் கனவுகளின் வாசகம் நீங்கலாகப் பெரும்பகுதி சிகிச்சை முடிந்த பின் நினைவிலிருந்து எழுதப்பட்டதால், அவர் எதைக் கேட்கத் தவறினார் என்பதைக் காட்டவல்ல பதிவு எதுவும் எஞ்சவில்லை. 1910இல் சிகிச்சையாளரின் மனத்தில் எழும் எதிர் உணர்ச்சிப்பெயர்வை இனங்கண்டு வெல்லவேண்டும் என்று அவர் கூறினார். 1950இல் உளப்பகுப்பாய்வாளர் பாலா ஹைமன், சிகிச்சையாளரின் அவ்வுணர்ச்சியே நோயரின் மனத்தை அறிய உதவும் முதன்மையான கருவிகளுள் ஒன்று என வாதிட்டபோது, தடை என்று கருதப்பட்டது சான்றாக மாறியது. கருவியைச் சரிபார்ப்பது யார் என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

அதற்கு ஒரு விடை ஒலிப்பதிவிலிருந்து வந்தது. 1940இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கார்ல் ரோஜர்ஸும் அவருடைய மாணவர்களும், சில நிமிடங்களுக்கொருமுறை மாற்றவேண்டியிருந்த இசைத்தட்டுகளில் ஆலோசனை உரையாடல்களைப் பதிவு செய்தனர். ஒரு நோயரின் எட்டு அமர்வுகள் சொல்லுக்குச் சொல் எழுத்தாக்கப்பட்டு, 1942இல் வெளியான அவருடைய நூலில் இடம்பெற்றன. நோயரை அவர் போக்கில் பேசவிடுவதாக நம்பிய பயிற்சி மாணவர்கள், தம் குரலைத் தாமே கேட்டபோதுதான், தாம் எத்தனை முறை அறிவுரை கூறினோம், பேச்சை எவ்வாறு திருப்பினோம் என்பதை உணர்ந்தனர். பின்னர் 1960களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நார்மன் கேகன், அமர்வின் காணொளியை ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி, அந்நொடியில் மனத்தில் ஓடியதைச் சொல்லவைக்கும் முறையை உருவாக்கினார்.

ஆனால் நோயருக்கு எது பயன்பட்டது என்பதை எந்தக் கருவியும் கூறாது. இந்த இடத்தில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளநோய் மருத்துவர் இர்வின் யாலோமின் முயற்சி தனிக் கவனம் பெறத்தக்கது. எழுத்தாளராக விரும்பியும் எழுத முடியாமல் தவித்த ஓர் இளம்பெண்ணிடம், கட்டணத்துக்கு ஈடாக ஒவ்வோர் அமர்வுக்குப் பின்னும் மனத்தில் பட்டதை ஒளிவுமறைவின்றி எழுதித் தருமாறு அவர் கேட்டுக்கொண்டார். தாமும் அவ்வாறே எழுதினார். இரு குறிப்புகளும் உறையிட்டு வைக்கப்பட்டு, சில மாதங்களுக்கொருமுறை மட்டுமே ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார். எழுதும் வேளையில் மற்றவர் எழுதியது தெரியாது என்பதால், ஒருவரின் பார்வைக்கேற்ப மற்றவர் தம் நினைவைத் திருத்திக்கொள்ள இடமில்லாமற் போனது. 1974இல் இருவர் பெயரிலும், அப்பெண்ணின் பெயர் 'ஜின்னி எல்கின்' என மாற்றப்பட்டு, இக்குறிப்புகள் நூலாயின. யாலோம் பெருமிதத்தோடு குறித்திருந்த நுட்பமான விளக்கங்கள் பல அப்பெண்ணின் செவியில் விழவேயில்லை. அவர் நினைவில் நின்றவை, தம் உடையைப் பாராட்டிய ஒரு சொல், தாமதமாக வந்ததற்கு மருத்துவர் தடுமாறிக் கேட்ட மன்னிப்பு போன்ற சிறு செயல்களே. யாலோமின் குறிப்புகள் மட்டும் கிடைத்திருந்தால், அச்சிகிச்சையின் பயனை அவருடைய விளக்கத் திறனுக்கே உரியதாக்கும் முடிவுக்கு எந்த ஆய்வாளரும் வந்திருப்பார். அம்முடிவு தவறாகவும் இருந்திருக்கும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிம் எதரிங்டன் இவ்வழியை மேலும் விரித்தார். சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளான ஆண்களைப் பற்றி 2000ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், நோயரின் கதை, ஆலோசகரின் கதை, ஆய்வாளரின் கதை என்று மூன்றையும் தன் தலைப்பிலேயே வேறுபடுத்துகிறது. பின்னிரண்டும் ஒருவருக்கே உரியவையாயினும் அவற்றைப் பிரித்து எழுதியதில்தான் அந்நூலின் வலிமை இருக்கிறது.

இவ்வேறுபாடு ஒப்புதல் பெறும் இடத்தில் மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது. நோயரிடம் அனுமதி கேட்பது பயனற்றது என்று கருதிய ஃப்ராய்ட், டோராவின் வரலாற்றைக் கேளாமலே வெளியிட்டார். இன்று கேட்காமல் வெளியிடுவதை எவரும் ஏற்கமாட்டார். ஆனால் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது நோயர் கூறும் 'சரி' என்பது நன்றியுணர்விலிருந்தோ, மறுத்தால் பரிவு குறையுமோ என்ற அச்சத்திலிருந்தோ வரக்கூடும். ஆகவே, சிகிச்சை முடிந்த பிறகு கேட்பதும், வேறொருவர் வாயிலாகக் கேட்பதும், பின்னர் மனம் மாறினால் விலகிக்கொள்ள இடம் வைப்பதும் இன்றியமையாதவை. இந்நோயரை ஆய்வுக்குத் தேர்ந்தது ஏன் என்ற கேள்விக்கும் சிகிச்சையாளர் தம் குறிப்பேட்டில் விடை எழுதவேண்டும். ஏனெனில், மனநிறைவோடு விடைபெற்றவர்களையே தேர்ந்து, பாதியில் நின்றுவிட்டவர்களை விட்டுவிடும் ஆய்வு, ஒவ்வோர் அமர்வையும் எவ்வளவு நேர்மையாகப் பதிந்தாலும், தன் பிழைகள் வெளிப்படக்கூடிய இடங்களைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகிறது.