சொப்புக்கு வந்த முத்திரை
பொருநைக் கரை வரலாறு – 23

அம்பாசமுத்திரத்துச் சொப்புப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தால் ஒரு முழு அடுக்களையே உருண்டு வரும். அம்மி, ஆட்டுரல், திருகை, உரல், உலக்கை, குடம், அடுப்பு. எல்லாம் மரம், எல்லாமே சிறுபிள்ளையின் கைக்கு அடங்குபவை.

பெரியதைச் சிறிதாக்கிச் செய்கிறவர்கள் வேறிடத்திலும் உண்டு. 1963-இல் பிரிட்டனில் பிளாஸ்டிக்கில் சிறு மாதிரி உருவங்கள் செய்கிறவர்கள் ஒரு சங்கமே அமைத்தார்கள். அவர்களுக்கு விகிதம்தான் உயிர். விமானம் என்றால் பெரும்பாலும் 72-இல் ஒரு பங்கு. நம்மூர்க் கடைசல்காரருக்கோ கண்தான் அளவுகோல். குடம் சிறுத்த அதே கணக்கில் கரண்டியும் சிறுத்தால் ஈர்க்குச்சியாகிவிடும். பிள்ளையால் பிடிக்க முடியாது. அதனால் கரண்டி கொஞ்சம் தடிக்கும். விளையாடப்போகிற விரல்களுக்காக விகிதத்தை விட்டுக்கொடுக்கும் இந்தத் தேர்ச்சியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கடைசல் பட்டறையில் சுழலும் கட்டையில் உளியை வைத்தால் சீவல் சுருள் சுருளாகப் பறக்கும். உருவம் வந்ததும் சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் கட்டையில் அழுத்துவார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். தூரிகைக்கு வேலையே இல்லை. பிறகு தாழை மடலால் தேய்த்தால் மினுமினுப்பு ஏறும். கர்நாடகத்துச் சன்னபட்டணத்திலும் இதே அரக்குக் கடைசல்தான்.

வீட்டு அடுக்களை மாற மாறச் சொப்பும் மாறியது. கேஸ் அடுப்பும் மிக்ஸியும் பெட்டிக்குள் புகுந்தன. ஆனாலும் அம்மி வெளியேறவில்லை. வீட்டில் அம்மியையே பார்த்திராத பிள்ளைக்கு இந்த மர அம்மிதான் முதல் அறிமுகம். நம் வீட்டுப் புழங்குபொருள்களின் வரலாற்றை இந்தக் கைவினைஞர்கள் எழுத்தில்லாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதற்குரிய மரியாதையை நாம் இன்னும் செய்யவில்லை.

முன்பு சொப்பு கடையப் பேர்போன மரம் மஞ்சள் கடம்பு. மேற்கே மலைக்காடு 1962-இல் முண்டந்துறைச் சரணாலயமாகவும் 1976-இல் களக்காடு சரணாலயமாகவும் ஆனது. 1988-இல் இரண்டும் சேர்ந்து தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாயின. காடு காக்கப்பட்டது நல்லதே. தாமிரபரணி பிறப்பதே அங்கேதான். ஆனால் காட்டில் வெட்ட முடியாமல் கடம்பு அரிதானபோது பட்டறைகள் யூகலிப்டஸ், ரப்பர் மரங்களுக்கு மாறின. அதைவிடக் கடுமையான அடி பிளாஸ்டிக் சொப்பு. விலையில் மரம் அதனோடு மோத முடியவில்லை.

இத்தனை காலமும் பனையோலைப் பெட்டிதான் இந்தச் சரக்கின் அடையாளம். 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே மாவட்டத்துப் பத்தமடைப் பாய்க்கு அது முன்பே வந்துவிட்டது. சட்டப்படி இந்தப் பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்தவருக்கே குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை உண்டு. உளி பிடிக்கிறவர்களின் பெயர்கள், வியாபாரிகளின் பெயர்களுக்கு முன்னால், அந்தப் பட்டியலில் ஏற வேண்டும்.