திசு

திசு என்பது, ஒத்த அமைப்புடைய செல்களும் அவற்றைச் சூழ்ந்த செல்லிடைப் பொருளும் சேர்ந்து குறித்த பணியொன்றை ஆற்றும் தொகுதியாகும். நெய்தலைக் குறிக்கும் லத்தீன் வினையடியிலிருந்து பிறந்து, நெய்த துணியைச் சுட்டிய பழைய பிரெஞ்சுச் சொல்லே ஆங்கிலத்தின் வழியாகத் தமிழில் இவ்வாறு வழங்குகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ஆளும் 'இழையம்' என்னும் சொல்லோ, இழை என்ற தமிழ் அடியிலேயே அந்நெசவுப் பொருளைத் தாங்கி நிற்பதால், இரண்டினுள் அதுவே செறிவானது. பிரெஞ்சு மருத்துவர் சேவியே பிஷா, 1801இல் வெளியிட்ட நூலில், நுண்ணோக்கியின் துணையின்றியே 21 வகைத் திசுக்களைப் பிரித்துக் காட்டியதோடு, நோய் உறுப்பு முழுவதையும் பற்றாமல் அதிலுள்ள ஒரு திசுவை மட்டும் பற்றலாம் என்றும் விளக்கினார். இதயத்தின் உள்ளுறை, தசை, வெளியுறை ஆகியவற்றில் தோன்றும் அழற்சிகள் இன்று தனித்தனி நோய்களாகப் பெயர் பெறுவது இக்கருத்தின் வழியிலேயே ஆகும்.