சார்ட் (கட்டளை)

யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளின் டெர்மினலில் ஒரு கோப்பின் வரிகளை வரிசைப்படுத்தித் தரும் கட்டளை சார்ட். பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸின் முதல் பதிப்புக் கையேட்டிலேயே (1971) இது இடம்பெற்றிருந்தது. லினக்ஸில் இன்று பெரும்பாலும் புழங்குவது குனு கோர்யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள சார்ட். எழுதியவர்கள் மைக் ஹேர்டெல், பால் எகர்ட். நினைவகத்தில் அடங்காத பெரிய கோப்பைக் கொடுத்தாலும் திணறாது. பகுதி பகுதியாக அடுக்கித் தற்காலிகக் கோப்புகளில் வைத்துக்கொண்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்துவிடும்.

எழுத்தும் எண்ணும் கலந்து வரும்போதுதான் சிக்கல். சென்னை மாநகரப் பேருந்துகளின் தட எண்களை எடுத்துக்கொள்வோம். 5சி, 12பி, 21ஜி, 29சி, 102 என்று வரிக்கு ஒன்றாக எழுதி, வெறும் சார்ட் கொடுத்தால் 102, 12பி, 21ஜி, 29சி, 5சி என்று வரும். கட்டளையின் கண்ணில் இவை எண்களே அல்ல, எழுத்துகள். முதல் குறியை முதல் குறியோடு ஒப்பிடுகிறது. 5-க்கு முன் 1 வருவதால் 102 முந்திக்கொள்கிறது. அகராதிக்கு இது சரி. பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு உதவாது.

‘-என்’ தெரிவைச் சேர்த்தால் வரியின் தொடக்கத்தில் உள்ள இலக்கங்களை எண்ணாகவே படிக்கும். 5சி மேலேயும் 102 கீழேயும் போய்விடும். அதே பட்டியலில் எம்70 இருந்தால்? எழுத்தில் தொடங்கும் வரிக்கு மதிப்பு பூஜ்யம் என்று ‘-என்’ வைத்துக்கொள்வதால், எம்70 உச்சியில் ஏறி உட்கார்ந்துவிடும். இங்கே கைகொடுப்பது பெரிய எழுத்து ‘-வி’. மென்பொருள்களின் பதிப்பு எண்களுக்காக வந்த இது, ஒவ்வொரு வரியையும் எழுத்துத் துண்டு, எண் துண்டு என்று பிரித்துத் தனித்தனியாக ஒப்பிடும். எம்70 கடைசிக்குப் போகும். அத்தியாயம்2, அத்தியாயம்10-க்கு முன்னால் நிற்கும். கலப்புத் தரவுக்கு முதலில் முயல வேண்டிய தெரிவு இதுதான்.

900கே, 2எம், 1ஜி போன்ற கோப்பு அளவுகளுக்குச் சிறிய எழுத்து ‘-எச்’ இருக்கிறது.

பல பத்திகள் உள்ள தரவில் எந்தப் பத்தியை வைத்து அடுக்குவது என்று ‘-கே’ சொல்லும். பத்திகளைப் பிரிக்கும் குறியை ‘-டி’ சொல்லும். பலரும் சறுக்கும் இடம் ‘-கே2’. இது இரண்டாம் பத்தியோடு நின்றுவிடுவதில்லை, அங்கிருந்து வரியின் முடிவுவரை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பத்தி மட்டும் போதும் என்றால் ‘-கே2,2’ என்று எழுத வேண்டும். 15-08-1947 போன்ற தேதிகளுக்கு இடைக்கோட்டைப் பிரிகுறியாக்கி ‘-கே3,3என் -கே2,2என் -கே1,1என்’ என்று கொடுத்தால் ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில் சரியாக அடுக்கும்.

நம் ஊர்க் கணக்குகளில் கவனிக்க வேண்டியது காற்புள்ளி. ‘எல்சி_ஆல்=சி’ என்ற மொழி அமைப்பில் ‘-என்’ தெரிவு 1,25,000 என்பதை வெறும் 1 என்றும், 98,500 என்பதை 98 என்றும் படிக்கும். ஒன்றேகால் லட்சம் முன்னால் வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. காற்புள்ளிகளை டிஆர் கட்டளையால் நீக்கிவிட்டு அடுக்குவதே பாதுகாப்பு.

தமிழ்ச் சொற்களுக்கும் இந்த ‘எல்சி_ஆல்=சி’ அமைப்பு பொருந்தாது. அது பைட் மதிப்பை மட்டுமே பார்க்கும். யூனிகோடில் ந-வை அடுத்தே ன வைக்கப்பட்டிருப்பதால், ‘அன்பு’ ‘அப்பா’வுக்கு முன் வந்துவிடும். நம் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து.

அடுக்கிய வரிகளை மூலக் கோப்பிலேயே எழுத ‘>’ குறியைப் பயன்படுத்தாதீர்கள். சார்ட் படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் அந்தக் கோப்பைக் காலி செய்துவிடும். ‘-ஓ’ தெரிவோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால் முழுவதும் படித்த பிறகே எழுதும்.