மகாத் குளத்து வழக்கு: உரிமையும் தனிச்சலுகையும்

மறைந்த மூத்த தோழரின் நினைவாக நாம் கூடியிருக்கும் இந்த அரங்கில், இம்முறை ஒரு சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறோம். இடஒதுக்கீட்டையும் கல்வி உதவித்தொகையையும் 'சலுகை' என்று சொல்லும் பழக்கம் மற்றவர்களிடம் மட்டுமல்ல, நம் வீடுகளிலும் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த நம் பிள்ளை, 'சலுகையில் வந்தவன்' என்ற பேச்சைக் கேட்டுக் கூசிப்போகிறான். இந்த நாட்டில் சலுகையை அனுபவித்தவர் யார், உரிமை மறுக்கப்பட்டவர் யார் என்பதை வரலாற்றை வைத்தே சோதித்துப் பார்ப்போம்.

ஊர்க்குளத்தில் பத்துப் பேர் தண்ணீர் எடுக்கிறார்கள். பதினோராவது ஆள் குடத்தோடு வந்தால் அந்தப் பத்துப் பேரின் உரிமையில் எதுவும் குறைந்துவிடாது. 'நீ எடுக்கக் கூடாது' என்று சொல்லும் அதிகாரம் மட்டும்தான் போகும். அந்த அதிகாரத்துக்குப் பெயர்தான் தனிச்சலுகை. உரிமை எல்லோருக்கும் இருக்கலாம். தனிச்சலுகைக்கோ வெளியே நிறுத்தப்பட்ட ஒருவன் எப்போதும் தேவை.

பம்பாய் மாகாணத்தின் மகாத் நகரில் நடந்தது இதுதான். பொதுப் பணத்தில் அமைந்த குளம், கிணறு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று எஸ். கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தை மாகாணச் சட்டமன்றம் 1923 ஆகஸ்ட் 4 அன்று நிறைவேற்றியது. 1924இல் மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலை, கிணறு, குளங்களைப் பற்றிக் கொண்டுவந்த தீர்மானமும் நிறைவேறியது. ஆனால் தீர்மானம் தாளில் இருந்தது. குளம் பழையபடியே இருந்தது.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் பல்லாயிரம் பேருடன் நடந்து சென்று அந்தக் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி, திரும்பிக்கொண்டிருந்த நம் மக்களைச் சாதி இந்துக்கள் தாக்கினார்கள். பிறகு சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து 108 குடம் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். 1927 ஆகஸ்ட் 4 அன்று நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. கொடுத்ததை எடுத்துக்கொள்ள முடிகிறது என்றால், அதை உரிமை என்று அவர்கள் நினைக்கவே இல்லை என்றுதான் பொருள்.

அடுத்து நடந்ததை மாணவத் தோழர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். நீதிமன்றத்துக்கு முதலில் போனவர்கள் நாம் அல்ல, சாதி இந்துக்கள். தொன்றுதொட்ட வழக்கப்படி குளத்து நீர் தங்களுக்கு மட்டுமே உரியது, தீண்டப்படாதோரைத் தடுக்க வேண்டும் என்று அம்பேத்கர் மீதும் அவருடைய தோழர்கள் மீதும் 1927 டிசம்பரில் வழக்குத் தொடுத்தார்கள். தனிச்சலுகை உரிமையின் வேடத்தில் நீதிமன்றம் ஏறியது. இடைக்காலத் தடையும் கிடைத்தது. டிசம்பர் 25 அன்று கூடிய இரண்டாவது மாநாட்டில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. ஆனால் தடையை மீறிக் குளத்தில் இறங்குவதில்லை என்று முடிவெடுத்து, நம் மக்கள் குளத்தைச் சுற்றி ஊர்வலம் மட்டும் போனார்கள்.

வழக்கு சுமார் பத்தாண்டுகள் நடந்தது. கீழ்நீதிமன்றத்தில் 1931இல் தோற்றவர்கள் மேல்முறையீடு செய்துகொண்டே போனார்கள். 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் அவர்களுடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. நாம் வென்றோம். ஆனால் எதனால் வென்றோம்? அந்த வழக்கம் நினைவுக்கு எட்டாத காலம் தொட்டு இருப்பதாக அவர்களால் மெய்ப்பிக்க முடியவில்லை என்பதனால். மெய்ப்பித்திருந்தால், அந்த வழக்கம் நியாயமானதா, பொதுநலனுக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டியிருந்திருக்கலாம் என்று கூறி, அந்தக் கேள்வியை நீதிமன்றம் தொடாமலே விட்டது. வழக்கத்தின் வயது விசாரிக்கப்பட்டது. அதன் அநீதி விசாரிக்கப்படவில்லை.

வயதை மெய்ப்பித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்த நாடார்கள் மீது இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். அது லண்டன் பிரிவியூ கவுன்சில் வரை போனது. வழக்கம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்லி, 1908இல் நாடார்களின் நுழைவு உரிமை மறுக்கப்பட்டது. நீண்ட காலம் செய்த அநீதி, நீண்ட காலம் செய்ததனாலேயே சட்ட உரிமையாகிவிட்டது.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம். 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்பது நமக்குத் தெரியும். 15(2) கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடை செய்தது. நாம் அதிகம் பேசாதது 13ஆம் பிரிவு. 'சட்டம்' என்ற சொல்லுக்குள் வழக்கமும் நடைமுறையும் அடங்கும் என்று அது கூறுகிறது. சட்ட வலிமை பெற்ற வழக்கம் எவ்வளவு பழையதானாலும் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தால் செல்லாது. மகாத் வழக்கில் தொடாமல் விட்ட கேள்விக்கு இங்கே பதில் கிடைத்தது.

சட்டத்தில் செத்த தனிச்சலுகை ஊரில் சாகவில்லை. 73ஆவது திருத்தம் ஊராட்சித் தலைவர் பதவிகளிலும் நமக்கு இடம் ஒதுக்கியது. மேலவளவில் அந்த உரிமையின்படி தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் அவருடன் ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலித் தலைவர் ஒருவரைப் பதவியில் இருக்கவிடவில்லை. மனு போடாமல் தடுத்தார்கள். தாங்களே ஆள் நிறுத்தி வென்றதும் விலகவைத்தார்கள். தலைவர் பதவி தங்கள் சாதிக்கே உரிய சொத்து என்று எண்ணியவர்கள்தான், தலித் தலைவர் வருவதைத் தங்கள் உரிமை பறிபோவதாகப் பார்த்தார்கள். மகாத் குளக்கரையில் கேட்ட அதே குரல்தான் இது.

ஆகவே தோழர்களே, இடஒதுக்கீடு சலுகை அல்ல. தலைமுறை தலைமுறையாகக் குளத்தையும் கோயிலையும் பள்ளியையும் பதவியையும் பூட்டி வைத்திருந்தார்களே, அதுதான் சலுகை. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி இடஒதுக்கீடு. அதைச் சலுகை என்று நாமே சொன்னால், நகராட்சித் தீர்மானத்தைப் போல அதையும் ஒருநாள் ரத்து செய்யலாம் என்று ஒப்புக்கொண்டவர்கள் ஆகிறோம்.

அடுத்த முறை அலுவலகத்துக்கு மனு எழுதும்போது 'சலுகை வழங்கி உதவுமாறு' என்று எழுத வேண்டாம். 'எங்கள் உரிமையை நடைமுறைப்படுத்துமாறு' என்று எழுதுவோம். எந்தப் பிரிவின்படி என்பதையும் சேர்த்தே எழுதுவோம். மூத்த தோழருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அங்கிருந்து தொடங்கட்டும்.

ஜெய் பீம்.