வெயிலும் வெள்ளைத் துணியும்



திருக்கழுக்குன்றத்து மலையில் ஒருகல் மண்டபம் என்னும் குகைக்கோயில் ஒன்று உண்டு. பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்தது. நான் ஆசிரியப் பணியில் இருந்த நாள்களில் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று ஒரு வினா எழுப்புவது வழக்கம். "கதிரவன் உச்சியில் நிற்கிறான். அவன் கதிர்கள் நேரே உள்ளே புகவில்லை, விளக்கும் ஏற்றவில்லை. பின், உள்ளிருக்கும் வாயிற்காவலரின் முகம் நமக்கு எவ்வாறு தெரிகிறது?" சற்றே திகைத்தபின் ஒரு மாணவன் தரையைச் சுட்டிக்காட்டுவான். ஆம், வெளிப்பாறையில் விழுந்த வெயில் திரும்பி எழுந்து குகைக்குள் பரவுகிறது. அந்த ஒளியில் கடுமை இல்லை. நிழலுக்குக் கூரிய விளிம்பும் இல்லை.

குறைந்த பொருட்செலவில் திரைப்படம் எடுத்தோரின் ஒளி வரலாறு பெரும்பாலும் அந்த மாணவனின் விடையிலேயே அடங்கிவிடுகிறது.

திரைப்படம் பிறந்தபோது கதிரவனே அதன் முதல் விளக்கு. 1893இல் அமெரிக்காவில் எடிசன் அமைத்த படப்பிடிப்புக் கொட்டகையின் கூரை திறந்துகொள்ளும். கொட்டகை முழுவதுமே கதிரவன் செல்லும் திசைக்கேற்பச் சுழலும். அத்தகைய வசதி நம் நாட்டில் எவருக்கு இருந்தது? தென்னாட்டின் முதல் கதைப்படமாகிய 'கீசக வத'த்தை 1910களின் பிற்பகுதியில் உருவாக்கிய நடராஜ முதலியார், மோட்டார் வாணிகத்தில் இருந்தவர். சென்னை மில்லர்ஸ் சாலையில் ஒரு மாளிகையில் தம் படப்பிடிப்பு நிலையத்தை அமைத்தார். அங்கே மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதனூடே வடிந்து வந்த வெயிலில் நடிகர்களைப் படம் பிடித்தார். அந்தப் படம் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அந்தத் துணியின் பாடம் அழியவில்லை.

துணி என்ன செய்கிறது? கதிரவன் மிகப் பெரியவனே; ஆனால் நெடுந்தொலைவில் இருப்பதால் நமக்குச் சிறு வட்டமாகவே தோன்றுகிறான். சிறு வட்டத்திலிருந்து வரும் ஒளி கண்குழியிலும் மூக்கின் கீழும் கருநிழலைக் கொட்டும். இடையே துணியை விரித்தால் துணி முழுவதுமே ஒரு பெரிய விளக்காகிறது. பல திசைகளிலிருந்து ஒளி வருவதால் நிழல் இளகுகிறது.

பேசும் படம் வந்தபின் நிலையங்கள் மூடிய கொட்டகைகளாயின. இரைச்சலிடும் கரிவில் விளக்குகளுக்குப் பெரிதும் மாற்றாக டங்ஸ்டன் விளக்குகள் வந்தன. பெரு விளக்குகளை முகத்துக்கு நேரே பாய்ச்சுவதே முறையாயிற்று. அம்முறையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் வங்கத்தைச் சேர்ந்த சுப்ரத மித்ரா. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை ஒளிப்பதிவு செய்யுமுன் அவர் திரைப்படக் கருவியைக் கையாண்டதே இல்லை. 1956இல் வெளிவந்த 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீட்டின் முற்றம் ஒன்று நிலையத்துக்குள் அமைக்கப்பட்டது. மித்ரா முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். கீழிருந்து விளக்குகளை அத்துணியின்மேல் பாய்ச்சினார். திரும்பி இறங்கிய ஒளி, வானத்து ஒளி போலவே முற்றத்தில் நிறைந்தது. நம் தமிழ்ப் படவுலகில் பாலு மகேந்திரா 1988இல் 'வீடு' படத்தை எளிய செலவில் எடுத்தபோது, இயல்பொளியின் அழகையே பெரிதும் நம்பினார்.

இன்று இளைஞர்கள் குறும்படம் எடுக்கிறார்கள். கட்டட வேலைக்கும் திருவிழாப் பந்தலுக்கும் பயன்படும் ஹாலஜன் 'போகஸ் லைட்'டை வாடகைக்கு வாங்கி வருகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் சிலர் எங்கள் ஊரிலேயே ஒரு பழைய வீட்டில் இரவுக் காட்சி ஒன்றை எடுத்தனர். 1000 வாட் விளக்கு ஒளி கண்ணைப் பறித்தது. "வேட்டியைக் கட்டுங்கள்" என்று என் வேட்டியொன்றைக் கொடுத்தேன். அத்தோடு நில்லாமல், ஒளி வீணாகாதபடி விளக்கின் முகத்தை ஒட்டியே கட்டச் சொன்னேன். சில நிமிடங்களில் தீய்ந்த வாடை வந்தது. அது கலப்பு நூல் வேட்டி. உருகி ஒழுகத் தொடங்கிற்று. விளக்கின் அடியில், படத்தில் நடிக்கவிருந்த சிறுமி அமர்ந்திருந்தாள். ஒரு மாணவன் அவளைத் தூக்கிக்கொள்ள, மற்றொருவன் மின்சாரத்தை நிறுத்தினான். எவருக்கும் தீங்கில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெப்பப் பாடம் கற்பித்தவன் செய்த பிழை அது. ஹாலஜன் குழல் 250 பாகை செல்சியசுக்கு மேலேயே இயங்குவது என்பதை நான் அறியாதவனா?

அந்த இரவு எனக்கு விளங்கியது இது: இக்கலையில் அழகும் காப்பும் ஒரே வழியில் நடக்கின்றன. துணி விளக்கை ஒட்டி இருந்தால் அதன் சிறு பகுதியே ஒளிரும், நிழலும் கடுமையாகும், தீயும் பற்றும். அதையே விளக்கிலிருந்து பல முழம் தள்ளி, நடிப்பவரின் முகத்துக்கு அருகே கொண்டுசென்றால் துணி முழுவதும் ஒளிரும், முகம் கனியும், தீயும் அணுகாது. இன்னும் எளிய வழி, விளக்கைச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரை நோக்கித் தள்ளி வைத்துத் திருப்பிவிடுவது. ஒருகல் மண்டபத்துப் பாறை செய்யும் வேலையைச் சுவர் செய்துவிடும். தெர்மோகோல் அட்டையும் ஒளியைத் திருப்பும்; ஆனால் எளிதில் தீப்பற்றும் பொருளாதலால் அதை வெகுவாகத் தள்ளியே வைக்க வேண்டும்.

மின்சாரத்துக்கும் கணக்கு உண்டு. 230 வோல்ட் மின்னழுத்தத்தில் 1000 வாட் விளக்கு ஏறத்தாழ 4.3 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் உள்ள சிறு பிளக்கு 5 அல்லது 6 ஆம்பியருக்கே உரியது. அதில் இரண்டு விளக்குகளைச் செருகலாகாது. உலோக உடலுள்ள விளக்குக்கு நில இணைப்புள்ள மூன்று முனைச் செருகி கட்டாயம். குழலை வெறுங்கையால் தொட்டால் விரலின் எண்ணெய்ப் பசை படிந்து, அவ்விடம் மிகச் சூடேறி வெடிக்கக்கூடும். தாங்கியின் காலில் மணல் மூட்டை வையுங்கள். கம்பியைக் கால் இடறாதபடி சுவரோரம் விடுங்கள். இக்காலத்து எல்.இ.டி. விளக்கில் வெப்பம் குறைவு. எனினும் மலிவானவை சில படத்தில் துடிப்பைக் காட்டும். தோலின் நிறத்தையும் மாற்றிக் காட்டும். எனவே முன்னரே படம் பிடித்துச் சோதித்துக்கொள்வது நலம்.

அன்று விளக்கை அணைத்து, ஆறவிட்டு, சுவரை நோக்கித் திருப்பினோம். மறுபடி ஒளி எழுந்தபோது அச்சிறுமியின் முகத்தில் மேகம் மூடிய பகலின் அமைதி தெரிந்தது. கருகிய வேட்டியை நான் எறிந்துவிடவில்லை. படம் எடுக்கிறோம் என்று வரும் பிள்ளைகளுக்கு இன்றும் முதலில் அதைத்தான் விரித்துக் காட்டுகிறேன்.