நீராவி உந்துபொறி மாதிரிகளின் தெரிவு

நீராவி உந்துபொறி மாதிரிகளின் தெரிவு என்பது, முன்பு ஓடிய நீராவி ரயில் எஞ்சின் வகைகளுள் எவற்றைச் சிறிய அளவில் தயாரித்து விற்பது என்று மாதிரி ரயில் நிறுவனங்கள் முடிவு செய்வதைக் குறிக்கும். பிரித்தானிய இருப்புப்பாதைகளில் நூற்றுக்கணக்கான எஞ்சின் வகைகள் ஓடின. ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் புதிதாக உருவாக்கக்கூடிய மாதிரிகளோ மிகச் சிலவே. மிகப் புகழ் பெற்ற எஞ்சினே முதலில் தெரிவாகும் என்று தோன்றலாம். ஆனால் அச்சுச் செலவு, அளந்து பார்க்க மூல எஞ்சின் எஞ்சியிருப்பது, வாங்குபவரின் நினைவு ஆகியவற்றுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. இக்கட்டுரை பிரித்தானியாவில் மிகப் பரவலாக உள்ள ஓஓ அளவு மாதிரிகளைப் பற்றியது.

ஓஓ அளவு

ஓஓ அளவில் உண்மைப் பொருளின் ஓர் அடி 4 மில்லிமீட்டராகக் குறைக்கப்படுகிறது. அதாவது விகிதம் 1:76.2. இவ்விகிதப்படி 1435 மிமீ அகலமுள்ள பாதை 18.83 மிமீ ஆக இருக்க வேண்டும். ஆயினும் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மிமீ மட்டுமே. பிற ஐரோப்பிய நாடுகளின் எஞ்சின்களை விடப் பிரித்தானிய எஞ்சின்கள் குறுகலானவை என்பதால், அக்கால மின்னோடிகள் 1:87 அளவிலான கூட்டுக்குள் அடங்கவில்லை. எனவே கூட்டை மட்டும் பெரிதாக்கி, பாதையை அப்படியே வைத்துக்கொண்டனர். இப்பிழை இன்றுவரை தொடர்கிறது.

அச்சுச் செலவு

மாதிரியின் மேற்கூடு, உருக்கிய நெகிழியை எஃகு அச்சுக்குள் செலுத்தி வார்க்கப்படுகிறது. நூறு கூடுகள் வார்த்தாலும் பல்லாயிரம் வார்த்தாலும் அச்சைச் செய்யும் செலவு ஏறத்தாழ ஒன்றே. ஆகவே, ஓர் அச்சிலிருந்து எத்தனை வேறுபட்ட மாதிரிகளை விற்க முடியும் என்பதே தயாரிப்பாளரின் முதல் கேள்வியாகிறது.

கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 5700 வகை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1929 முதல் 1950 வரை 863 எஞ்சின்கள் கட்டப்பட்டன. சரக்குப் பெட்டிகளை நகர்த்துவது, கிளைப்பாதை வண்டிகளை இழுப்பது என எல்லா வேலைக்கும் இவை பயன்பட்டன. இவற்றுள் 13 எஞ்சின்களை லண்டன் போக்குவரத்து நிறுவனம் வாங்கிச் சிவப்பு வண்ணம் பூசி, 1971 வரை ஓட்டியது. ஒரே அச்சில் வார்த்த கூட்டுக்குப் பச்சை, கறுப்பு, சிவப்பு என வண்ணமும் எண்ணும் மாற்றினால் போதும். வாங்கியவரே மீண்டும் வாங்குவார். 842 எஞ்சின்கள் கொண்ட 'பிளாக் ஃபைவ்' வகைக்கும் இது பொருந்தும். எனினும் இவ்வகைக்குள்ளேயே கொதிகலன், நீராவிக் கும்மட்டம், வால்வு இயக்கமுறை ஆகியவை எஞ்சினுக்கு எஞ்சின் மாறுபட்டன. இதனால் அச்சில் மாற்றத்தக்க துண்டுகள் வைக்க வேண்டியுள்ளது. எண்ணுக்குப் பொருந்தாத கும்மட்டம் வைத்து விற்றால் ஆர்வலர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவர்.

சிக்கனம் சில வேளைகளில் விந்தையான தெரிவுகளுக்கு இட்டுச்சென்றது. லண்டன், பிரைட்டன் மற்றும் தென்கடற்கரை ரயில்வேயின் ஈ2 வகையில் கட்டப்பட்டவை பத்தே எஞ்சின்கள். அவற்றுள் ஒன்றும் எஞ்சவில்லை. ஆயினும் ஹார்ன்பி நிறுவனம், வேறு சிறு எஞ்சின் மாதிரிகளுக்குப் பயன்படுத்திய அடிச்சட்டத்தின் மீதே கூட்டைப் பொருத்தி ஈ2 மாதிரியை விற்றது. சிறுவர் கதைகளில் வரும் 'தாமஸ்' எஞ்சின் ஈ2 வகையை ஒத்தது என்பதால், அந்த அச்சே பின்னர் தாமஸ் பொம்மைக்காக மாற்றப்பட்டது.

புகழும் தேவையும்

வீட்டில் ஒரு சிறு கிராம நிலையத்தை அமைப்பவருக்குத் தேவை சரக்கு எஞ்சினும் கிளைப்பாதை எஞ்சினுமே. பரிசாக வாங்குபவர் கேட்பதோ புகழ் பெற்ற பெயரை. 1938 இல் ஹார்ன்பி டப்ளோ வரிசை தொடங்கியபோது வெளியானவை இரண்டு: ஒன்று 'சர் நைஜல் கிரெஸ்லி' என்ற ஏ4 வகை விரைவு எஞ்சின், மற்றொன்று லண்டன் புறநகர் வண்டிகளை இழுத்த என்2 வகை. ஏ4 வகையின் 'மல்லார்ட்' அதே ஆண்டு சூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகத்தை எட்டி உலகச் சாதனை படைத்திருந்தது. இரு வகை வாங்குநரையும் நிறைவு செய்த அம்முதல் தெரிவைப் பின்னர் வந்த பல தெரிவுகளை விடச் சமநிலையானது எனலாம்.

எஞ்சியிருக்கும் மூலங்கள்

அருங்காட்சியகத்தில் ஓர் எஞ்சின் இருந்தால் அதை நேரில் அளக்கலாம். இப்போது லேசர் கதிரால் வருடியும் அளக்கின்றனர். ஆனால் இதிலும் இடருண்டு. 1923 இல் கட்டப்பட்ட 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' தன் வகையின் 79 எஞ்சின்களுள் எஞ்சியுள்ள ஒன்றே ஒன்று. இன்று அதில் காணப்படும் இரட்டைப் புகைபோக்கியும் புகை விலக்கித் தகடுகளும் மிகப் பின்னாளில் பொருத்தப்பட்டவை. அதை அப்படியே அளந்து 1930களின் மாதிரி என்று விற்க முடியாது.

174 எஞ்சின்கள் கொண்ட ஜே11 சரக்கு வகையில் ஒன்றுகூட எஞ்சவில்லை. இத்தகைய எஞ்சின்களுக்கு வரைபடங்களும் ஒளிப்படங்களுமே துணை. பணிமனைகளில் செய்யப்பட்ட சிறு மாற்றங்கள் வரைபடத்தில் ஏறுவதில்லை. நிலக்கரி இழுத்த எளிய எஞ்சின்கள் நெடுங்காலம் மாதிரியாகாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பாக்மன் நிறுவனம் ஜே11 வகையைத் தெரிவு செய்தது ஆர்வலர்களால் வரவேற்கப்பட்டது.

இயக்கச் சிக்கல்கள்

வீட்டு மேசைகளில் பரவலாக அமைக்கப்படும் வளைவின் ஆரம் 438 மிமீ. உண்மை அளவில் இது ஏறத்தாழ 33 மீட்டர் மட்டுமே. எந்தப் பெரிய எஞ்சினும் அதில் திரும்ப இயலாது. ஆயினும் மாதிரி திரும்பியாக வேண்டும். பத்து இயக்கு சக்கரங்கள் கொண்ட 9எஃப் வகையில் நடுச் சக்கரங்களுக்கு உண்மை எஞ்சினிலேயே விளிம்பு கிடையாது என்பது மாதிரி செய்வோருக்கு வாய்ப்பாக அமைந்தது. மாறாக, 1870 இல் கட்டப்பட்ட ஸ்டர்லிங் எஞ்சினில் 8 அடி விட்டமுள்ள ஒரே இணை இயக்கு சக்கரமே உண்டு. அதனை மாதிரியில் வழுக்காமல் இழுக்கச் செய்வது கடினம்.

ஒரே தெரிவில் மோதல்

1882 முதல் கட்டப்பட்ட 71 ஆடம்ஸ் ரேடியல் எஞ்சின்களுள் மூன்று மட்டும், லைம் ரீஜிஸ் கிளைப்பாதையின் கடும் வளைவுகளுக்கு ஏற்றவை என்பதால் 1961 வரை பணியில் இருந்தன. நெடுங்காலம் எவரும் பெரும் எண்ணிக்கையில் தயாரிக்காத இவ்வகையை 2015 இல் ஆக்ஸ்போர்டு ரெயில், ஹார்ன்பி ஆகிய இரு நிறுவனங்களும் வெளியிட்டன. 1872 இல் தொடங்கிக் கட்டப்பட்ட 'டெரியர்' வகையிலும் இதுவே நிகழ்ந்தது: 2019 இல் இரு வேறு தயாரிப்புகள் சந்தைக்கு வந்தன. சிறிய சந்தை இரண்டாகப் பிரிவதால் அச்சுச் செலவை மீட்பது இருவருக்கும் கடினமாகிறது. எனவே சில நிறுவனங்கள் மாதிரி ஏறத்தாழ முடிந்த பின்னரே அதை அறிவிக்கின்றன.

கடைகளும் அருங்காட்சியகங்களும் குறிப்பிட்ட எண்ணிக்கையை வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் செய்து தயாரிக்கச் சொல்வது மற்றொரு வழி. கார்ன்வாலின் வென்ஃபோர்டு பாதையில் 1962 வரை ஓடிய பீட்டி எஞ்சினின் மாதிரி, கார்ன்வாலைச் சேர்ந்த ஒரு கடையின் முயற்சியால் இவ்வாறே வெளிவந்தது.

வாங்குபவரின் நினைவு

பிரித்தானிய ரயில்வேயின் முதன்மைப் பாதைகளில் நீராவி வண்டிகள் 1968 ஆகத்தில் நின்றன. மாதிரிகள் நெடுங்காலம் 1950களின் வண்ணங்களிலேயே மிகுதியாக வந்தமைக்கு, வாங்குபவர்கள் சிறுவயதில் நடைமேடையில் நின்று கண்டவை அவையே என்பது காரணம். அத்தலைமுறை குறைந்துவருகிறது. 1923 இல் நிறுவனங்கள் நான்காக இணைக்கப்படுவதற்கு முன்பிருந்த வண்ணங்களைப் பணியில் கண்ட நினைவுடையோர் இன்று இலர். ஆயினும் அவ்வண்ணங்களில் டெரியர் மாதிரிகள் விற்கின்றன. பாதுகாக்கப்பட்ட பத்து டெரியர்களுள் சில பாரம்பரிய ரயில் பாதைகளில் ஓடியிருப்பதால், இன்றைய சிறுவர்கள் அவற்றை அங்கே பார்த்திருக்கின்றனர்.